குர்ஜீஃப் குழுமம்: நான்கு மரபுகளும் ஒரே ரிஷபத்தில் நிற்குமா?

#1 மந்தரஸ்தாயி

குர்ஜீஃப் என்றதும் நம்மில் பலருக்கு ஓஷோவின் சொற்பொழிவுகள்தான் நினைவுக்கு வரும். அங்கே அவர் சீடர்களைப் படாதபாடு படுத்தும் விசித்திரமான குரு. அவர் பெயரில் ஒரு பெரிய இசைத் தொகுதி இருப்பது ஓஷோ வாசகர்களில் பலருக்குத் தெரியாது. இந்த இழை அந்த இசைக்கானது. குருவின் தத்துவத்தை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு முன்கதை. அவர் பிறந்தது இன்றைய ஆர்மீனியாவின் கியூம்ரி நகரில். அப்போது அது ருஷ்யப் பேரரசின் அலெக்சாந்த்ரபோல். தந்தை கிரேக்கர், தாய் ஆர்மீனியர். தந்தை ஓர் அஷுக். நெடுங்கதைகளை மனப்பாடமாகப் பாடும் பாணர் மரபைச் சேர்ந்தவர். இளமை கழிந்தது கார்ஸ் நகரில். ஆர்மீனியர், கிரேக்கர், துருக்கியர், குர்தியர், ருஷ்யர் எல்லோரும் ஒரே கடைத்தெருவில் புழங்கிய எல்லை ஊர் அது. பின்னாளில் 1920களில், பிரான்சில், தாமஸ் தெ ஹார்ட்மான் என்ற இசையமைப்பாளரைப் பியானோ முன் உட்காரவைத்து, தன் நினைவில் இருந்த கிழக்கத்திய மெட்டுகளை எழுதவைத்தார். ஆர்மீனியப் பாட்டு, அரபு நடனம், கிரேக்க மெட்டு, குர்திய இடையர் பாட்டு, பாரசீகச் சாயல் கொண்ட சையிதுகளின் பாட்டும் நடனமும் என்று தலைப்புகளே ஒரு வரைபடம் போல இருக்கும்.

நெடுங்காலம் இவை பியானோவில் மட்டுமே ஒலித்தன. கீத் ஜாரெட் 1980இல் வாசித்த பதிவு புகழ்பெற்றது. 2008இல் லெவோன் எஸ்கெனியன் என்பவர் குர்ஜீஃப் குழுமத்தைத் தொடங்கி இதை அப்படியே திருப்பிப் போட்டார். அவர் லெபனானில் பிறந்து 1996இல் ஆர்மீனியாவுக்கு வந்தவர். அவரும் பியானோக் கலைஞர்தான். அந்தப் பியானோ ஏடுகளைக் கையில் எடுத்து டுடுக் என்ற ஊதுகுழல், ஊத், கானூன், சந்தூர், தார், கமான்சா என்ற தந்தி வாத்தியங்கள், தோல் என்ற மேளம் ஆகியவற்றுக்குப் பிரித்துக் கொடுத்தார். 2011இல் இ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட தொகுப்பைக் கேட்டால் தெரியும்.

என் கேள்வி ஒன்றுதான். அரபு, பாரசீகம், ஆர்மீனியம், கிரேக்கம் நான்கும் இங்கே கலந்திருக்கின்றனவா, அல்லது அருகருகே உட்கார்ந்திருக்கின்றனவா? அருகருகே என்றுதான் எனக்குப் படுகிறது. அதனாலேயே மற்ற 'உலக இசை'க் குழுக்களைவிட இது எனக்குப் பிடிக்கிறது.

#2 நிழல்வாசி

இழையின் முதல் பத்தியிலேயே குருவை வெளியே நிறுத்திவிட்டீர்கள். ஆனால் எல்லாச் சான்றுக்கும் அவர் ஒருவரைத்தான் நம்பியிருக்கிறீர்கள். எந்த மெட்டை எந்த ஊரில் யாரிடம் கேட்டார் என்பதற்கு ஒரு கிராமத்தின் பெயராவது உண்டா? அவர் பிறந்த ஆண்டே 1866, 1872, 1877 என்று மூன்று விதமாகச் சொல்லப்படுகிறது. பிறந்த தேதியைக்கூட நிலையாக விட்டுச்செல்லாத மனிதர் பாமீர் மலையில் கேட்ட பாட்டை மட்டும் பிசகாமல் ஒப்பித்தார் என்று நான் ஏன் நம்ப வேண்டும்?

#3 சீவாளி

சான்று இருக்கட்டும். டுடுக் வாசிப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாகஸ்வரம். முதல் முறை டுடுக் கேட்டபோது என் காது முன்னால் இருந்த வாத்தியத்துக்குப் போகவில்லை, பின்னால் இருந்தவரிடம் போனது. டுடுக் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் ஒரே சுரத்தை அறுபடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். அந்தச் சுரத்துக்குத் 'தாம்' என்று பெயர். கன்னத்தில் காற்றை நிறுத்திக்கொண்டு மூக்கால் மூச்சை இழுப்பதால் இடைவெளியே விழாது. நம்முடைய ஒத்து வேறென்ன செய்கிறது? சுருதிப் பெட்டி வந்த பிறகு நாம் ஒத்துக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அவர்கள் இன்னும் மேடையில் உட்காரவைத்திருக்கிறார்கள், சம்பளமும் கொடுக்கிறார்கள்.

வாத்தியம் வாதுமைப்பழ வகையைச் சேர்ந்த ஆப்ரிகாட் மரத்தில் கடைவது. சீவாளி நம்முடையதைவிடப் பல மடங்கு பெரிது, பெருவிரல் அகலத்துக்குத் தட்டையான நாணல் குழாய். வாயைத் திறந்தபடி கிடக்கும் அதை ஒரு வளையத்தால் இறுக்கி அடக்குவார்கள். துளைகளைப் பாதி மூடியும் உதட்டால் அழுத்தியும் சுரத்தை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆகவே இரண்டாவது சுரமான ரிஷபம் எங்கே நிற்கும் என்ற கேள்விக்கு டுடுக்காரனிடம் தனியாகப் பதில் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கே போய் நின்றுவிடுவான்.

#4 வீணைப் பாட்டி

சீவாளி தம்பி நல்ல இடத்தில் கையை வைத்திருக்கிறார். மந்தரஸ்தாயி தலைப்பில் ரிஷபத்தைக் கேட்டுவிட்டுப் பதிவில் அதைத் தொடவே இல்லையே! நான் தொடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்தாயியை 1200 செண்டுகளாகப் பிரித்து அளப்பது இப்போது எல்லோருக்கும் பொதுவான வழக்கம். பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100. நம் சுத்த ரிஷபம் ஏறக்குறைய அந்த 100க்குப் பக்கத்தில், சதுஸ்ருதி ரிஷபம் 200க்குப் பக்கத்தில். கமகத்தில் அவை ஆடும், அது தனிக் கதை. நடுவில் 150இல் போய் ஒரு சுரத்தை நிறுத்தி, அதில் நியாசம் செய்து, ராகத்தின் உயிரே அதுதான் என்று நாம் சொல்வதில்லை.

அவர்கள் அங்கேதான் வாழ்கிறார்கள். பாரசீகத்தில் ராகம் போன்றது தஸ்த்கா; அதில் ஷூர் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார ஷட்ஜத்திலிருந்து இரண்டாவது சுரம் ஏறத்தாழ 135இல் நிற்கும் என்று ஹொர்மோஸ் ஃபர்ஹாத் அளந்து எழுதியிருக்கிறார். அதற்கு உறவான பயாத்தி என்ற அரபு மகாமில் (அவர்களுடைய ராகம் போன்றது) ஏட்டுக் கணக்கு 150; ஸ்தாயியை 24 சமக் கால்சுரங்களாகப் பார்க்கும் கணக்கு அது. 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. கிரேக்கத் திருச்சபைக்கு வாருங்கள். 1881இல் அவர்கள் பேட்ரியார்க்கேட்டின், அதாவது தலைமைப் பீடத்தின், குழு ஸ்தாயியை 72 பங்காக்கியது. அவர்கள் பண்முறைகளில் முதலாவதான முதல் எக்கோஸில் அதே இரண்டாவது சுரம் 10 பங்கு மேலே, அதாவது 167 செண்டு.

ஆக 135, 150, 167. மூன்று பேரையும் ஒரே மேடையில் உட்காரவைத்து "அந்த ரிஷபத்தை வாசியுங்கள்" என்றால் மூன்று இடத்தில் வாசிப்பார்கள், மூவரும் சரியாகத்தான் வாசிப்பார்கள். ஆர்மீனியர் சீவாளி சொன்னதுபோல ஒத்துப்போய்விடுவார்.

இனி வாத்தியங்களைப் பாருங்கள். ஊத்தில் வீணைக்கு இருப்பதுபோன்ற மெட்டுகள் கிடையாது, விரல் வைத்த இடம் சுரம். கமான்சாவும் அப்படித்தான். அதில் ஓர் அழகு உண்டு: வில்லைத் தந்திக்குத் தந்தி சாய்க்க மாட்டார்கள், முள்ளில் நிறுத்திய வாத்தியத்தையே திருப்பி வில்லுக்குத் தந்தியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தாரில் மெட்டுகள் நரம்பால் கட்டியவை, நகர்த்தலாம். கானூனில் ஒவ்வொரு தந்திக் கூட்டத்துக்கும் இடக்கைப் பக்கம் சின்னச் சின்ன உலோக நெம்புகள். வாசித்துக்கொண்டே ஒன்றைத் தூக்கி ஒன்றைச் சாய்த்தால் சுரம் நகரும். இந்தக் கூட்டத்தில் அசையாத ஆள் சந்தூர் ஒருவர்தான். 72 தந்தி, 18 குதிரை. ஒரு தஸ்த்காவிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் சுத்தியலும் கையுமாக உட்கார வேண்டியதுதான்.

ஆகவே "நான்கு மரபுகளின் சங்கமம்" என்று எந்தக் குழு விளம்பரம் செய்தாலும் நான் பார்ப்பது இதைத்தான்: அந்த 135க்கும் 167க்கும் நடுவே யார் விட்டுக்கொடுத்தார்கள்?

#5 தஞ்சைத் தம்புரா

மாமி, ஒன்று கேட்கலாமா? இந்தக் குழுக்கள் பலவற்றைக் கேட்கும்போது எனக்கு மாயாமாளவகௌளையும் வகுளாபரணமும்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அந்த 150 ரிஷபம் எல்லாம் என் காதில் விழுவதே இல்லை. என் காது சரியில்லையா, அவர்கள் வாசிப்பதே இல்லையா?

#6 வீணைப் பாட்டி

உங்கள் காதுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் வாசிப்பதில்லை.

நீங்கள் கேட்டது ஹிஜாஸ், ஹிஜாஸ்கார் என்ற மகாம்கள். ஹிஜாஸின் ஒரு வடிவம் வகுளாபரணத்தின் சுரங்களோடு பொருந்தும். ஹிஜாஸ்கார் மாயாமாளவகௌளையோடு பொருந்தும். நஹாவந்து கீரவாணிக்குப் பக்கம், குர்த் தோடியின் சுரங்களுக்குப் பக்கம். சுரத்தைச் சொல்கிறேன், ராகத்தைச் சொல்லவில்லை. தோடி பாடுகிறவர்கள் என் மேல் பாய வேண்டாம். இவை எல்லாவற்றையும் பியானோவிலும் கிட்டாரிலும் ஏறக்குறைய வாசித்துவிடலாம். கிரேக்கரிடமும் ஆர்மீனியரிடமும் ஹிஜாஸ் சாயல் உண்டு, பாரசீகச் சஹார்காவும் இதற்குத் தூரத்து உறவு. ஆகவே கலப்புக் குழுக்கள் இந்த நான்கைந்து மெட்டுச் சட்டங்களுக்குள்ளேயே மூன்று மணி நேரக் கச்சேரியை முடித்துவிடும். யாருக்கும் வலிக்காது. கட்டைகளுக்கு நடுவில் சுரம் நிற்கும் பயாத்தி, ரஸ்த், ஷூர், சேகா எல்லாம் வாசலிலேயே செருப்போடு நின்றுகொண்டிருக்கும்.

#7 நிழல்வாசி

மாமி என் கட்சிக்கு வந்துவிட்டார்! இதைத்தான் நான் கேட்க வந்தேன். தெ ஹார்ட்மான் எழுதியது பியானோவுக்கு. பியானோவில் 100 அல்லது 200. குர்ஜீஃப் பாடியது 135ஆக இருந்தாலும் 150ஆக இருந்தாலும் ஏட்டில் ஏறியது இரண்டில் ஒன்று. ஏடு வந்து 80 வருடம் கழித்து எஸ்கெனியன் அதை எடுத்து மறுபடி 135க்கு நகர்த்துகிறார். எந்த ஆதாரத்தில்? அழிந்துபோன எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்? இதை 'மீட்பு' என்று அட்டையில் அச்சிடுகிறார்கள். நான் கற்பனை என்பேன். நல்ல கற்பனையாகவே இருக்கட்டும், ஆனால் பெயரைச் சரியாக வையுங்கள்.

#8 பாரிஸ் குமரன்

வணக்கம். வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் ஆள் நான். நிழல்வாசி அண்ணையின் கேள்விக்குப் பக்கத்தில் போகும் ஒரு செய்தி இருப்பதால் எழுதுகிறேன்.

குர்ஜீஃப் 1922இல் குடியேறிய மாளிகை ஃபோந்தன்ப்ளோவுக்குப் பக்கத்தில், ஆவோன் என்ற ஊரில் இருக்கிறது. பாரிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கேதான் 1925 முதல் 1927 வரை இந்த இசையின் பெரும்பகுதி எழுதப்பட்டது. எழுதிய விதத்தைத் தெ ஹார்ட்மானே தன் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். குர்ஜீஃப் சீழ்க்கையடிப்பார், அல்லது ஒற்றை விரலால் பியானோவில் மெட்டைத் தட்டிக் காட்டுவார். கேட்பதற்கு ஒரே மாதிரிப் போகும் மெட்டு, எழுதப் போனால் வழுக்கிக்கொண்டு ஓடும். நெளிவுசுளிவுகளை அப்படியே பிடிக்கச் சொல்லிக் கத்துவாராம், கூடத்தில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மெட்டு ஏட்டில் ஏறியதும் பியானோ மூடியில் விரலால் தாளத்தைத் தட்டுவார். அந்தத் தாளத்தை வைத்துத் தெ ஹார்ட்மான் இடக்கைப் பகுதியை அமைப்பார்.

ஆகவே ஒன்றைக் கவனியுங்கள். பியானோவில் தட்டிக் காட்டிய மெட்டுகளில் அந்த 135 ஆரம்பத்திலேயே இல்லை. சீழ்க்கையடித்தவற்றில் இருந்திருக்கலாம்.

இன்னொன்று. தெ ஹார்ட்மான் கிழக்கைக் கண்ணால் காணாத ஆள் இல்லை. 1919இல் குர்ஜீஃபின் கூட்டம் ஜார்ஜியாவின் தி‌ஃப்லிஸில் இருந்தபோது, அவரையும் அவர் மனைவி ஓல்காவையும் ஆர்மீனியாவின் எரவானுக்கு அனுப்பி அங்கே கச்சேரி செய்யவைத்தார். ஆர்மீனிய இசையறிஞர் கோமிதாஸ் தொகுத்த பாடல்களை ஓல்கா பாடினார். ஆர்மீனிய வாத்தியங்களையும் அங்கே நேரில் கேட்டார்கள்.

#9 நிழல்வாசி

பியானோவில் தட்டிய விஷயம் எனக்குத் தெரியாது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, நன்றி தம்பி.

#10 மந்தரஸ்தாயி

அவசரப்படாதீர்கள் நிழல்வாசி ஐயா.

சுப்பராம தீட்சிதர் 1904இல் சம்பிரதாயப் பிரதர்சினியை அச்சிட்டபோது கமகங்களுக்குத் தனிக் குறிகளை அமைத்தார். ஏன்? வெறும் சரிகமவை எழுதினால் பாட்டு ஏட்டில் நிற்காது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் குறிகள் இல்லாமல் வெறும் சுரத்தில் அச்சான கிருதிகள் எத்தனை நூறு நம்மிடம் இருக்கின்றன! அவற்றில் ஒன்றை எடுத்து ஒரு நல்ல வித்துவான் பாடுகிறார். ஏட்டில் 'க' என்று மட்டும் இருக்கும். பைரவி என்று தலைப்பில் இருப்பதால் அந்தக் காந்தாரத்தை அவர் பைரவிக் காந்தாரமாகப் பாடுகிறார். அதைக் கற்பனை என்பீர்களா? ராகம் தெரிந்தவனுக்கு ஏடு அவ்வளவு போதும்.

எஸ்கெனியன் செய்வது இதுதான். துண்டின் தலைப்பு 'பயாத்தி' என்று இருக்கிறது. பயாத்தி எப்படி ஒலிக்கும் என்பதை அந்த ஏட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வாசிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இடையர் பாட்டு என்று இருந்தால் இடையர்கள் இன்றும் ஊதுகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் அதன் உறவினர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாத்தியம் ஒதுக்கியிருக்கிறார். எல்லா வாத்தியத்தையும் எல்லாத் துண்டிலும் நுழைக்கவில்லை என்பதை ஒரு முறை கேட்டாலே உணரலாம். அரபு நடனத்தில் எல்லோரும் இறங்குகிறார்கள். அசீரியப் பெண்களின் ஒப்பாரியில் குழு சுருங்கிவிடுகிறது. அதில் ஓசையைவிட ஓசைக்கு நடுவில் விடும் இடம்தான் அதிகம். பியானோவில் இடக்கை வாசித்த சுருதி, நீளமாகப் பிடிக்கும் 'தாம்' ஆகிவிடுகிறது. வலக்கையின் அலங்காரச் சின்ன சுரங்கள் கமான்சாவில் வழுக்கலாகிவிடுகின்றன. ஏட்டில் இல்லாத மேற்கத்திய இசைவுக் கோவை எதையும் அவர் சேர்க்கவில்லை.

#11 நிழல்வாசி

பயாத்தி என்று தலைப்பு இருக்கும் துண்டுக்கு உங்கள் வாதம் செல்லும். ஒப்புக்கொள்கிறேன். 'பிரார்த்தனை', 'புனித நூலிலிருந்து ஒரு பாடல்' என்று தலைப்பு இருக்கும் துண்டுகளுக்கு? எந்தப் புனித நூல்? எந்த மொழி? அங்கே ராகமும் இல்லை, ஊரும் இல்லை. பைரவி என்று எழுதியிராத கிருதியை உங்கள் வித்துவான் எந்தக் காந்தாரத்தில் பாடுவார்?

#12 வீணைப் பாட்டி

பாடத்தான் செய்வார். பாடிவிட்டு, இது என் குருநாதர் பாடம் என்று சொல்லிவிடுவார்!

நிழல்வாசி கேட்பது நியாயம். மந்தரஸ்தாயி இதற்கு நேராகப் பதில் சொல்லட்டும்.

#13 மந்தரஸ்தாயி

சொல்கிறேன். அந்த வகைத் துண்டுகளில் எஸ்கெனியன் ஏட்டையே நம்புகிறார் என்பது என் கணிப்பு. என் காதுக்கு அங்கே கால்சுர ஆட்டம் குறைவு. நீண்ட சுருதி, மெதுவான டுடுக், அவ்வளவுதான். தெரிந்த இடத்தில் தைரியமாகப் போய், தெரியாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். என் பாராட்டு அதற்கும் சேர்த்துத்தான். வேறு குழுக்கள் என்றால் இந்த இடத்தில்தான் ஆழத்துக்கு ஒரு குரல், பின்னால் காற்றுச் சத்தம், நடுவே ஒரு செலோ என்று அள்ளிப் போட்டிருப்பார்கள்.

#14 பழைய ரேடியோ

எல்லோரும் எரவானையும் பாரிஸையும் சுற்றுகிறீர்கள். இந்த நான்கு மரபுகளும் ஏற்கெனவே ஒரே ஊரில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. இஸ்தான்புல்!

மோல்தாவிய இளவரசர் திமித்ரி காந்தெமிர் பிணையாளாக அங்கே இருந்த காலத்தில், 1700ஐ ஒட்டி, ஒட்டோமான் இசையில் ஏறத்தாழ 350 உருப்படிகளை எழுத்துக் குறியீட்டில் எழுதிவைத்தார். கிரேக்கத் திருச்சபையின் பாடகர் பெத்ரோஸ் பெலோபொன்னேசியோஸ், 1778இல் இறந்தவர், அதே அரசவை மெட்டுகளைப் பைசாந்தியக் குறியீட்டில் எழுதினார். ஹம்பர்சூம் லிமோன்ஜியன் என்ற ஆர்மீனியர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் தேவாலய இசைக்காக ஒரு புதுக் குறியீட்டை உருவாக்கினார். துருக்கிய இசையில் பெரும்பகுதி இன்று நமக்குக் கிடைப்பது அந்த ஆர்மீனியக் குறியீட்டின் புண்ணியம். அந்த நூற்றாண்டின் இறுதியில் ஊத் வாங்க வேண்டுமானால் இஸ்தான்புல்லில் மனோல் என்ற கிரேக்கரிடம் போக வேண்டும். அவர் கடைந்த ஊத்துகளுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. பார்வையற்ற ஆர்மீனியர் ஊதி ஹிராந்த் 1978 வரை அந்த ஊரில் வாசித்துக்கொண்டிருந்தார்.

எனவே 'கலப்பு' என்ற பேச்சே எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. பிரித்தது பிற்காலம். பிரித்தவர்களே இப்போது கலக்கிக் காட்டி டிக்கெட் விற்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு இசைக்கலைஞர் ஜோர்தி சவால் 2009இல் காந்தெமிர் ஏட்டை வைத்துச் செய்த தொகுப்பைக் கேளுங்கள். துருக்கியர், ஆர்மீனியர், கிரேக்கர், மொராக்கோக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். எனக்குக் குர்ஜீஃப் குழுமத்தைவிட அதுதான் ஒரு படி மேல்.

#15 நிழல்வாசி

குடித்தனம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள் பழைய ரேடியோ. 1915 ஏப்ரல் 24ஆம் தேதி இஸ்தான்புல்லில் ஆர்மீனிய அறிவாளர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் கோமிதாஸும் ஒருவர். பாதிரியார், பெர்லினில் இசை படித்தவர், ஊர் ஊராக நடந்து ஆயிரக்கணக்கான நாட்டுப் பாடல்களைத் திரட்டியவர். ஆர்மீனியப் பாடல்களோடு குர்தியப் பாடல்களையும் திரட்டி அச்சிட்டவர். திரும்பி வந்தார், ஆனால் மனம் திரும்பவில்லை. மிச்ச வாழ்நாளை மனநல மருத்துவமனைகளில் கழித்து 1935இல் பாரிஸில் இறந்தார். அவர் திரட்டியதில் பெரும்பகுதி தொலைந்தது. எட்டு வருடம் கழித்து, 1923இல், பத்து லட்சத்துக்கும் அதிகமான கிரேக்கக் கிறிஸ்தவர்கள் அனத்தோலியாவை விட்டுப் போனதை மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம் உறுதி செய்தது. "எல்லோரும் ஒன்றாக வாசித்தார்கள்" என்ற இனிப்பு எனக்கு இறங்குவதில்லை. அரசவையில் ஒன்றாக வாசித்தவர்களை அந்த இசை காப்பாற்றவில்லை.

#16 பழைய ரேடியோ

நான் அரசியல் பேசவில்லை. இசை மட்டும்.

#17 பாரிஸ் குமரன்

அரசியலைத் தொடாமல் இந்த இசையைப் பேசுவது கஷ்டம் அண்ணை. குர்ஜீஃப் குழுமத்தின் இரண்டாவது தொகுப்பே கோமிதாஸ்தான், வெளிவந்த ஆண்டு 2015. அந்த ஆண்டை அவர்கள் தற்செயலாகத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. கோமிதாஸ் நாட்டுப்புற நடனங்களைப் பியானோவுக்கு எழுதியபோது, இந்த இடத்தில் தார் போல, இந்த இடத்தில் தாஃப் என்ற கைப்பறை போல என்று வாத்தியச் சாயலைக் குறித்தே வைத்திருந்தார். அதனால் எஸ்கெனியனுக்கு அங்கே வழி இன்னும் தெளிவு.

#18 தஞ்சைத் தம்புரா

நடுவே ஒன்று: ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகை அச்சானது நம் சென்னையில், 1794இல்! பாரிமுனையில் ஆர்மீனியன் தெருவும் தேவாலயமும் இன்றும் இருக்கின்றன. அந்தத் தேவாலயப் பாடல்கள் எவையேனும் நம் பக்கம்...

#19 நெறியாளர்

தம்புரா, அருமையான தகவல். ஆனால் இந்த இழை வேறு திசைக்கு ஓடிவிடும். 'சென்னையின் பழைய தேவாலயங்கள்' இழையில் போடுங்கள், நானும் வருகிறேன். 'சாரி கெலின்' பாட்டு யாருடையது என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் ஆறு பக்கம் அனுப்பியிருக்கிறார். ஆர்மீனியர், அஜர்பைஜானியர், ஈரானியர் மூவரும் உரிமை கொண்டாடும் அந்தப் பாட்டுக்கு இங்கே தீர்ப்பு வழங்கப்படாது.

#20 சீவாளி

அந்தப் பாட்டை வைத்தே ஒரு கேள்வி இருக்கிறது. யாருடையது என்று கேட்கவில்லை, பயப்படாதீர்கள் நெறியாளரே.

ஈரானின் ஹுசைன் அலிசாதேவும் ஆர்மீனியாவின் ஜீவான் காஸ்பர்யானும் டெஹ்ரானில் சேர்ந்து செய்த கச்சேரிப் பதிவு ஒன்று இருக்கிறது. கிராமி பரிந்துரை வரை போனது. அதில் இந்தப் பாட்டும் உண்டு. பாரசீகக் குழு முன்னே, காஸ்பர்யானின் டுடுக் பின்னே வருகிறது. அவர் உள்ளே வந்ததும் குழு முழுவதும் அடங்கிவிடும். சுரத்தில் யார் யாருக்கு இறங்கினார்கள் என்று நான் பல முறை கேட்டுப் பார்த்தேன். எனக்குக் காஸ்பர்யான் இறங்கியதாகத்தான் தோன்றுகிறது. டுடுக்கின் எல்லை ஒரு ஸ்தாயியும் கொஞ்சமும்தான். அவ்வளவு சின்ன வாத்தியம். ஆனாலும் அவர் ஒரு சுரத்தை எடுத்துக் கீழிருந்து மேலே ஏற்றிக்கொண்டுபோய் நிறுத்துகிற நிதானத்தில் மற்ற எல்லோரும் காத்திருக்கிறார்கள். இடத்தை விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்கிக்கொண்டார் என்று சொல்லலாமா?

#21 வீணைப் பாட்டி

சொல்லலாம். நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள்.

சவால் தொகுப்பைப் பற்றிப் பழைய ரேடியோவுக்கு ஒரு வார்த்தை. வாசிப்பவர்கள் ஒவ்வொருவரும் மகா வித்துவான்கள். ஆனால் அந்த ஏடு ஒரே மரபின் ஏடு. ஒட்டோமான் மகாமுக்குள் எல்லோரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். ஆகவே சுருதிச் சண்டைக்கே இடமில்லை. ஆர்மீனியத் துண்டுகள் வரும்போது ஆர்மீனியர்கள் மட்டும் வாசிக்கிறார்கள். சங்கடமான இடத்தை அழகாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டார் சவால். குர்ஜீஃப் குழுமம் சுற்றிப் போகவில்லை, அதே இடத்தில் இடறுகிறது. எனக்கு இடறுகிறவரைத்தான் கேட்கப் பிடிக்கும், வயசாகிவிட்டது.

இன்னொரு விஷயம் எல்லோருக்கும். குர்ஜீஃப் கடைசிக் காலத்தில் பாரிஸ் வீட்டில் சின்னக் கை ஆர்மோனியம் வாசித்தார். 1949இல் அவர் இறப்பதற்கு முந்தைய மாதங்களில் பதிவு செய்தவை இருக்கின்றன. ஒரு கையால் துருத்தி, ஒரு கையால் கட்டை. நம் வானொலி 1940 முதல் 1971 வரை தள்ளிவைத்திருந்த அதே ஆர்மோனியம்! 135ஐயும் 150ஐயும் நினைவில் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் மனிதர், அவை இரண்டுமே இல்லாத பெட்டியில் தன் மெட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுவிட்டு எஸ்கெனியனிடம் வந்தால், அந்தக் கட்டைகளுக்கு நடுவில் அவர் எதைத் தேடினார் என்பது உங்களுக்கே ஓரளவு பிடிபடும். நிழல்வாசிக்கு ஆதாரம் ஆகாது, தெரியும்.

#22 நிழல்வாசி

ஆகாது மாமி. ஆனால் கேட்கிறேன்.

#23 தஞ்சைத் தம்புரா

எனக்கு நடைமுறைச் சந்தேகம். அந்த 150 ரிஷபத்தைக் காதுக்குப் பழக்க வழி என்ன? தம்புராவை மீட்டிக்கொண்டு பாடிப் பார்த்தால் குரல் தானாகச் சுத்தத்துக்கு இறங்குகிறது, இல்லையென்றால் சதுஸ்ருதிக்கு ஏறுகிறது.

#24 வீணைப் பாட்டி

பாட முயலாதீர்கள், முதலில் கேளுங்கள். குர்ஜீஃப் தொகுப்பு வேண்டாம், அதில் எடுத்த எடுப்பில் பிடிபடாது. அரபு ஊத்துக்காரர் யாராவது பயாத்தியில் செய்யும் தக்சீமை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆலாபனை மாதிரி, தாளம் இல்லாதது. ஷட்ஜத்துக்கு இறங்குவதற்கு முன்னால் ரிஷபத்தில் ஒரு கணம் நிற்பார். முதலில் சுருதி சேராதது போல இருக்கும். தினம் அதே ஒன்றைக் கேளுங்கள், வேறு மாற்றாதீர்கள். பிறகு சேதார் என்ற ஈரானியத் தந்தி வாத்தியத்தில் ஷூர். அதே இடம் இன்னும் கொஞ்சம் கீழே இருக்கும். கடைசியாகக் கிரேக்கத் தேவாலயத்து முதல் எக்கோஸ் பாடல் ஒன்று. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். வீணையில் தேடுவதாக இருந்தால் சுத்த ரிஷப மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பாதி இழுத்து அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். அசைக்கக் கூடாது. அதுதான் நமக்குக் கஷ்டம்.

#25 சீவாளி

நாகஸ்வரத்தில் பார்த்தேன். வருகிறது. அப்பா உள்ளேயிருந்து "என்னடா பிசகுகிறது?" என்றார்.

#26 நெறியாளர்

#4, #6, #24 பதிவுகளைப் பிரதியெடுத்து 'சுருதியும் அளவும்' பகுதியில் வைக்கிறேன், மூலப் பதிவுகள் இங்கேயே இருக்கும். மந்தரஸ்தாயி, 2023இல் வந்த 'ஸர்த்தீர்' தொகுப்பைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. அதில் சயத்-நோவா முதலிய அஷுகுகளின் பாடல்களும், அறை இசைப் பாடகர் குழுவும் சேர்ந்திருப்பதால் தனி இழை தொடங்கலாம். தொடங்கினால் இணைப்பை இங்கே போடுங்கள்.

#27 மந்தரஸ்தாயி

வார இறுதியில் தொடங்குகிறேன். பாடகர் குழு பன்னிரண்டு சுரத்தில் பாடுகிறதா, அல்லது வாத்தியங்களோடு நகர்கிறதா என்பதை இன்னொரு முறை கேட்டுவிட்டு எழுத வேண்டும். நிழல்வாசி ஐயா கட்டாயம் வர வேண்டும்.

#28 நிழல்வாசி

பாடல்களின் மூலம் எது என்று முதல் பதிவிலேயே எழுதினால் வருகிறேன்.